டப்பா நனையக் கூடாது!

"ஆ...!"

காட்டுப் பூங்காவின் பழைய கோட்டையிலிருந்து புறாக்கள் மொத்தமாகப் பறந்தன.

இடிந்த கொத்தளத்தின் உச்சியிலிருந்து ஒரு பெண் கீழே வந்துகொண்டிருந்தாள். படியில் அல்ல... காற்றில்!

மன்னர்கள் பீரங்கி வைத்த இடம். அன்றைக்கு எதிரியைத் தள்ளினார்கள். இன்றைக்குப் பல் டாக்டரை!

ஆயுசு கெட்டி. பாதி வழியில் ஒரு முட்புதர் பிடித்துக்கொண்டது. பூங்காக் காவலாளி கயிறு கட்டித் தூக்கினார்.

மறுநாள் காலை, ஆஸ்பத்திரி. வலது கால் முழுக்க மாவுக்கட்டு. அவள் கையை விடாமல் பிடித்தபடி கணவன்.

இன்ஸ்பெக்டர் அம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"வழுக்கி விழுந்தீங்களா டாக்டர்?"

"இல்ல மேடம். முதுகுல ரெண்டு கை. நல்லாத் தெரிஞ்சுது."

"முகம்?"

"பார்க்கல."

"ஆந்தைதான்!" என்றான் கணவன்.

"யாருங்க அது?"

"எங்க விளையாட்டுல அவன் பட்டப்பேரு மேடம்."

விளையாட்டு இதுதான். ஒருவர் சின்ன டப்பாவை எங்காவது ஒளித்துவைத்து, இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை ஆப்பில் போடுவார். மற்றவர்கள் போனும் கையுமாகத் தேட வேண்டியது. புதையல் வேட்டைதான்... புதையல்தான் இருக்காது! உள்ளே ஒரு பொம்மை, ஒரு பொத்தான். இதற்காகப் புருஷனும் பெண்டாட்டியும் ஞாயிறுதோறும் காடு மேடெல்லாம் அலைந்தார்கள்.

"விளிம்புல டப்பாவை ஒளிச்சவனே அவன்தான். இவ வருவான்னு காத்திருந்து தள்ளியிருக்கான்!"

"நீங்க அப்போ எங்க இருந்தீங்க?"

"வீட்ல. தலைவலி."

"ஆமா மேடம். நான்தான் படுங்கன்னு சொன்னேன்" என்றாள் அவள், அவன் விரல்களை வருடியபடி.

"ஆந்தையைத் தூக்கிட்டோம். ஒரே அழுகை. நீங்க ஒரு வார்த்தை சொன்னா உள்ள தள்ளிடலாம்."

இன்ஸ்பெக்டர் பைக்குள் கைவிட்டாள்.

"டப்பா இதானே? சுவர்ப் பொந்துல இருந்துது. மேல கல்லு, அதுக்கு மேல சருகு. அவ்வளவு நேர்த்தி!"

அவள் நிமிர்ந்தாள்.

"பொந்துலயா? நான் அதைத் திறந்து தரையில வச்சிருந்தேனே! மூடியைக் கையில பிடிச்சுக்கிட்டேதான் விழுந்தேன்."

"அப்போ தள்ளினவன் திருப்பி வச்சிருக்கான். எதுக்கு?"

"பழக்கம் மேடம். எடுத்ததை எடுத்த இடத்துலயே வைக்கணும், அதான் விதி. எங்க ஆளுங்களுக்குக் கை தானாவே செய்யும்."

"அதான் ஆந்தைன்னு சொல்றேன்!" கணவனின் குரல் ஏறியது.

"மூடி இல்லாததால இதை வேற மாட்டியிருக்கான்."

டப்பாவின் வாயில் இழுத்து மாட்டிய ஒரு ரப்பர் கையுறை. இளஞ்சிவப்பு!

"மோந்து பாருங்க டாக்டர். ஸ்ட்ராபெரி வாசனை!"

அவள் முகர்ந்தாள். அதேதான்!

வாயைத் திறக்க அடம்பிடிக்கும் குழந்தைகளுக்காக அவள் தேடி வாங்கிய கையுறை. பொந்துக்குள் கைவிடும்போது தேள் கொட்டிவிடக் கூடாதே என்று, அதில் ஒரு ஜோடியை அவள்தான் கணவன் பையில் வைத்தாள். அவன் பையில் மட்டும்.

கணவனின் பிடி இறுகியது.

ஆந்தையுடையது என்று ஒரு பொய். புருஷன் தப்பிப்பான். ஒரு பாவமும் அறியாத ஆந்தை ஜெயிலுக்குப் போவான். அவள் இவனோடு வீட்டுக்குப் போகவேண்டும்... அதே வீட்டுக்கு!

"யாருது டாக்டர்?"

அவள் கையை உருவிக்கொண்டாள்.

"என் கிளினிக்கோடது. இவருக்குத்தான் கொடுத்தேன்."

"ஏய்! என்ன உளர்றே?"

"தேள் கொட்டிடுமேன்னு பயந்தேங்க. நீங்களே கொட்டுவீங்கன்னு தெரியலையே!"

அவன் பாய்ந்து எழுந்தான். வாசலில் இரண்டு கான்ஸ்டபிள்கள். மறுபடி உட்கார்ந்தான்.

"என்னைத் தள்ளிவிடற அளவுக்கு... யாருங்க அவ?"

தலை குனிந்தது. "உன்... ரிசப்ஷனிஸ்ட்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார்கள்... அவள் கண்ணெதிரிலேயே! முறிந்த காலைவிட இது வலித்தது. அவள் வாய்விட்டு அழுதாள்.

"நான் கீழ கத்திக்கிட்டுக் கிடந்தேன். எட்டிக்கூடப் பார்க்கல. டப்பா நனையக் கூடாதுன்னு உறை மாட்டியிருக்கீங்க!"

"மன்னிச்சிடும்மா... நீ வேண்டாம்னு உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல..."

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தாள்.

டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எதுக்குங்க சொல்லணும்? விதி தெரிஞ்ச ஆளுதானே நீங்க... பொண்ணு எடுத்த இடத்துலயே திருப்பி வச்சிருக்கலாமே!"