பெட்டிக்குள் நான்கு முகங்கள்

எண்ணெய் விடுவதற்கு முன்பே பூச்சு ஈரமாக இருந்தது.

மேடையிலேயே, திரைக்குப் பின்னால், ஒப்பனைப் பெட்டியின் மூடியைப் பிடித்தபடி தெய்வநாயகி அப்படியே நின்றாள். நேற்று பூட்டி வைத்தபோது கிண்ணத்தில் வெறும் வெள்ளைப் பொடிதான் இருந்தது. இப்போது அது மஞ்சளாகக் குழைந்து, ஓரத்தில் நுரை கட்டி, நான்கைந்து ஈக்களைக் காலோடு பிடித்து வைத்திருந்தது. ஜலகண்டாபுரத்து நாடகக் கொட்டகைக்குப் பின்புறம் நெசவுத் தெரு. பாவுக்குப் போடும் கஞ்சி புளித்து நாள் முழுக்க வீச்சம் அடிக்கும். மூன்று நாளாக அந்த வாடைதான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இல்லை. நாறியது பெட்டிதான்.

வேறு நாளாக இருந்தால் அத்தனையையும் குப்பையில் கொட்டியிருப்பாள். இன்று முடியாது. சேலத்திலிருந்து பேசும்படக்காரர் ஒருவர் வந்திருக்கிறார். வெளிச்சம் இருக்கும்போதே முகத்தைப் பார்க்க வேண்டும், ஒரு பாட்டும் கேட்க வேண்டும் என்று சாயங்காலம் ஐந்து மணிக்கே மேடைக்கு வரச் சொல்லிவிட்டார். போன வருஷம் மதராசில் படக்காரன் ஒருவன் முகத்துக்கு நேரே சொன்னான்: "குரல் இருக்கும்மா. முகம்தான் போச்சு." நாசமாய்ப் போகிறவன். ஆனால் பொய் சொல்லவில்லை. ஒன்பது வயதிலிருந்து அப்பிய ஈய வெள்ளை முப்பது வயதுக்குள் கன்னத்தைக் கருக்கிக் குழியாக்கிவிட்டது. இன்று இவரும் வேண்டாம் என்றால் அப்புறம் கூட்டத்தில் நிற்கும் தோழி வேஷம்தான்.

நாடகக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. பெட்டி மூடியின் உட்புறம் சரஸ்வதி படம் ஒட்டியிருக்கும். குழைத்த பூச்சில் முதல் பொட்டு அந்தப் படத்துக்கு. விரலைத் துடைக்காமல் அடுத்த பொட்டு தன் நெற்றிக்கு. தெய்வநாயகியும் அப்படித்தான் செய்து வந்தாள், இருபத்திரண்டு வயதில் அவள் நடித்த ஊமைப்படம் வெளியாகும் வரை. சேலத்துக் கூடாரக் கொட்டகையில் அவள் முகம் திரையில் வந்தபோது ஜனங்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள். படம் பிடித்தவர் நினைவுக்காகச் சுருளில் ஒரு துண்டு நறுக்கிக் கொடுத்தார். நான்கு கட்டம், நான்கிலும் அவள் முகம். அன்றைக்கே சாமி படத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு அந்தத் துண்டை ஒட்டினாள். எட்டு வருஷமாக முதல் பொட்டு அவளுக்கேதான்.

இப்போது அந்தத் துண்டு வீங்கியிருந்தது. கட்டங்களின் மேல் பழுப்புக் கொப்புளங்கள். ஒரு முகத்தில் கண் கரைந்து கன்னத்தில் வழிந்திருந்தது. கொப்புளத்திலிருந்து சொட்டியதுதான் கீழே கிண்ணத்தில் கலந்திருக்கிறது.

சீ.

உள்ளே வந்த மாரக்காள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். உடை மடித்துக் கொடுக்கிறவள், பத்து வருஷமாகக் கூட இருப்பவள். "ஏனுங்கம்மிணி, எலி கிலி செத்துக் கெடக்குதா?"

"ஒண்ணுமில்ல போ."

"அதையா மூஞ்சில பூசப் போறீங்க? கருமம்! தூக்கி எறிங்கம்மிணி. எங்கிட்ட மஞ்சத்தூள் இருக்குது, வேணுமின்னா குடுக்கறேன்."

"மஞ்சள் பூசிக்கிட்டு நிக்க நான் என்ன மாரியாத்தா கோயிலுக்கா வந்திருக்கேன்? போடி வெளியே!"

மாரக்காள் முணுமுணுத்துக்கொண்டே போனாள். தெய்வநாயகி மூச்சை அடக்கிக்கொண்டு விரலை விட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது. முதல் பொட்டைப் படத்துண்டுக்கு வைத்தாள். அடுத்ததை நெற்றிக்கு. எச்சிலை விழுங்கிக்கொண்டு பூசினாள். தேய்க்கவே வேண்டியிருக்கவில்லை, அதுவாகப் பரவியது. குழிகளில் இறங்கி நிரம்பியது, கருமையை மூடியது, காதோரம் வரை போய்த் தானே நின்றது.

கண்ணாடியில் இருபத்திரண்டு வயது.

அவளுக்கு அழுகை வந்தது. நாற்றத்தை மறந்து தன் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வடு இல்லை. போன வருஷத்து மதராசுக்காரன் இப்போது பார்க்க வேண்டும்!

திரைக்கு வெளியே கம்பெனி முதலாளி குமாரசாமியின் குரல். "அம்மிணி, அவரு வந்து உக்காந்துட்டாருங்க. தொரைக்குக் கடைசி பஸ்ஸைப் புடிக்கோணுமாம். வெரசா வாங்க."

'இதோ வருகிறேன்' என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

சத்தம் வரவில்லை.

தொண்டையைச் செருமினாள். செருமலும் இல்லை. பாட்டின் முதல் அடியை முயன்றாள். மூச்சு மட்டும் புஸ்ஸென்று போனது. ஆனால் கண்ணாடியில் உதடு நிற்கவில்லை. அவள் வாயை மூடிய பிறகும் அசைந்தது. அந்த அசைவு அவளுக்குத் தெரியும். அந்தப் படத்தில், எட்டு வருஷத்துக்கு முன், யாருக்கும் கேட்காமல் பேசிய அதே பேச்சு.

வேண்டாம். இந்த முகம் வேண்டாம்.

தேங்காய் எண்ணெயைத் துணியில் கவிழ்த்து அழுத்தித் துடைத்தாள். வந்தது. கனமாக, சவ்வு சவ்வாக. மறுபடி துடைத்தாள். மறுபடியும். வலிக்கவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. மூக்கருகே எதுவோ பிய்ந்து வந்தது. உதட்டருகேயும். இழுவை நிற்கவில்லை. கை தானாக இழுத்தது.

"ஏனுங்க, சத்தத்தையே காணோம்?" குமாரசாமி. "திரையைத் தூக்கச் சொல்லட்டுமா?"

மூடியைப் பார்த்தாள். படத்துண்டில் கொப்புளம் இல்லை. நான்கு கட்டமும் பளிச்சென்று இருந்தன. நான்கு முகங்களும் சிரித்தன.

கண்ணாடியைப் பார்த்தாள். இரண்டு கண்கள். கீழே மஞ்சளாக, வழவழப்பாக, ஒன்றுமே இல்லை.

திரை ஏறியது. சாயங்கால வெயில் நேராக அவள் மேல் விழுந்தது. முன்வரிசையில் பேசும்படக்காரர், வெற்றிலைச் செல்லத்தை மடியில் வைத்துக்கொண்டு, இன்னும் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்.

"பாடும்மா."

அவள் கையிலிருந்த துணியில், எண்ணெய் சொட்டச் சொட்ட, வாய் திறந்தது. இருபத்திரண்டு வயது உதடுகள் ஓசையில்லாமல் அசைந்து அசைந்து பாட, ஈக்கள் ஒவ்வொன்றாக வந்து அதன் பல்லில் உட்கார்ந்தன.