சப்பாணி வீட்டு மேசை

மதியம் குழந்தை தூங்கியதும் ஆவுடை அரிசி டிரம்முக்குள் முழங்கைவரை கையை விட்டு நான்கு மேசைக்கால்களை வெளியே எடுத்தாள். முந்தானையால் துடைத்துவிட்டு, தரையில் கிடந்த மேசைப்பலகையைக் கவிழ்த்து, மூலைக்கு ஒன்றாகத் திருகினாள். ஐந்து மாதப் பழக்கம். சத்தமே வராது. நிமிர்த்தி வைத்தால் முழங்கால் உயரத்தில் ஓர் அழகான மேசை. நடுவில் சுழலும் வட்டு, ஓரத்தில் மணிகள் கோத்த கம்பி, தட்டினால் குயில்போலக் கூவும் ஒரு மஞ்சள் பொத்தான்.

படிமேசை என்று அதற்குப் பெயர். கடைக்காரர்கள் பிளே டேபிள் என்பார்கள். குழந்தை வளர வளர அதுவும் மாறும். படுத்திருக்கும் குழந்தைக்கு மேலே வளைவாக நிற்கும். உட்காரும் குழந்தைக்குத் தரையோடு பலகையாகக் கிடக்கும். கால்களை மாட்டினால் பிடித்து நிற்கலாம். கடைசியில் எழுதும் மேசையாகிவிடும். தினமும் நான்கு மணிக்கு அது குழந்தைகள் வாரியத்துக்கு ஒரு செய்தி அனுப்பும். கால்கள் மாட்டப்பட்டுள்ளன, குழந்தை இன்னும் நிற்கவில்லை. ஓரத்துப் பச்சை விளக்கு ஒரு தடவை கண்ணடித்து அணையும். உடனே ஆவுடை கால்களைக் கழற்றி மறுபடி அரிசிக்குள் புதைத்துவிடுவாள். குழந்தை கண் விழிக்கும்போது அங்கே பலகைதான் கிடக்கும்.

பலகை மட்டுமல்ல, அந்த வீட்டில் பிடித்து எழ ஒரு பொருள் கிடையாது. நாற்காலிகள் பரணில் ஏறிவிட்டன. கட்டிலின் கால்களைக் கணவன் சங்கரலிங்கமே ரம்பத்தால் அறுத்தான். மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பாளையங்கோட்டையில் பதினேழாவது மாடியில் யாரோ சாமியார் மடம் நடத்துகிறார்கள் என்றுதான் புதிதாக வருபவர்கள் நினைப்பார்கள். குழந்தை இவள் சேலையைப் பிடித்து எழப் பார்த்தால் ஆவுடை சட்டென்று தரையில் உட்கார்ந்துவிடுவாள். சுவரைப் பிடித்தால் வாரி இடுப்பில் வைத்துக்கொள்வாள். “பிள்ளைய எறக்கியே விடமாட்டேங்கியே, என்னா பாசம்!” என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். அவளுக்கு அது பாசமாகவும் இருந்தது, திருட்டாகவும் இருந்தது.

இன்று மூன்றேகாலுக்கே வாசல்மணி அடித்தது. திரையில் தெரிந்த முகத்தைப் பார்த்ததும் அவள் ஓடிப்போய் அரிசி டிரம்மை மூடினாள். ஞானதிரவியம். இந்த வட்டாரத்துப் படிமேசைகளையெல்லாம் பூட்டிக் கொடுக்கிறவர். ஐம்பது தாண்டியவர், தோளில் கருவிப்பை, வியர்த்த நெற்றி. ஆறு மாதத்துக்கு முன்னால் குழந்தையோடு இந்த மேசையையும் கொண்டுவந்து இறக்கியவர் அவர்தான். அடுத்த மாதம் வந்து கால்களை மாட்டிவிட்டுப் போனவரும் அவர்தான். அன்று சாயங்காலமே ஆவுடை அவற்றைக் கழற்றினாள்.

“என்ன அண்ணாச்சி, சொல்லாம கொள்ளாம?”

“மேசையப் பாத்துட்டு வரச் சொன்னாவ தாயி. பிள்ளைக்குப் பதினஞ்சு மாசம் ஆயிட்டுல்லா? நிக்கல, நிக்கலன்னு தெனமும் சேதி வருது. ஒண்ணு மேசையில கோளாறு, இல்லன்னா பிள்ளையில கோளாறு. எதுன்னு நான் எழுதிக் குடுக்கணும்.”

“மேசையிலன்னு எழுதிருங்க.”

“எழுதுனா நாளைக்கே வேற மேசை வரும்.”

“பிள்ளையிலன்னு எழுதுனா?”

அவர் பையை இறக்கிவைத்தார். “காலு தெறனில்லாத பிள்ளைன்னு பதிஞ்சிருவாவ. பொறவு எந்த வருகை வீடும் கேக்காது. வாரியத்து இல்லத்துல, காலுக்கு எந்திரக்கூடு மாட்டிக்கிட்டு வளர வேண்டியதுதான்.”

ஆவுடை சுவரில் சாய்ந்துகொண்டாள். இது அவள் யோசிக்காத இடம். நாட்களைத் தள்ளுவதை மட்டுமே யோசித்திருந்தாள்.

பத்து வீட்டுக்கு ஒரு குழந்தைகூடப் பிறக்காத காலம் அது. பெறமுடியாதவர்கள் கோடிக்கணக்கில் காத்திருக்க, ஒரே வீடு ஒரு குழந்தையை வைத்துக்கொள்வது அநியாயம் என்று சட்டம் வந்துவிட்டது. ஒரு பிள்ளை, நான்கு வீடு. வாரியத்தில் தமிழ் படித்தவர் யாரோ இருந்திருக்க வேண்டும். பழைய பிள்ளைத்தமிழின் பருவங்களையே வீடுகளுக்குப் பெயராக வைத்துவிட்டார். தாலாட்டுகிற மாதங்களுக்குத் தால் வீடு. கையூன்றித் தலைதூக்கி ஆடும் மாதங்களுக்குச் செங்கீரை வீடு. உட்கார்ந்து கைதட்டும் மாதங்களுக்குச் சப்பாணி வீடு. நடந்து வருவதிலிருந்து எழுதப் படிப்பதுவரை வருகை வீடு. ஒரு வீட்டின் முகவரி இன்னொரு வீட்டுக்குத் தெரியாது. குழந்தைக்கு முந்தைய வீடு நினைவிருக்காது என்பதுதான் ஏற்பாட்டின் அஸ்திவாரம். மேசை மட்டும் கூடவே போகும்.

ஆவுடை, சங்கரலிங்கத்தின் வீடு சப்பாணி வீடு. பதினோரு வருடம் வரிசையில் நின்று கிடைத்தது. மேசைமீதிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டு, பத்து எண்ணும் நேரம் குழந்தை தானாக நின்றால் அவர்களுடைய முறை முடிந்தது. மறுநாள் காலை வண்டி வரும்.

ஞானதிரவியம் மேசையைத் தூக்கிக் கவிழ்த்தார். ஒரு காலைத் திருகிக் கழற்றினார். அது குழல்போல உள்ளீடற்ற கால். அதிலிருந்து இரண்டு அரிசிமணிகள் விழுந்து தரையில் உருண்டன. அவர் ஒன்றைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு காலின் நுனியிலிருந்த திருகுமரையைக் கட்டைவிரலால் தடவினார். அது தேய்ந்து பளபளவென்றிருந்தது.

“ஒருவாட்டி மாட்டுன மரை இப்பிடித் தேயாது தாயி.”

அவள் தரையில் கிடந்த மற்ற அரிசிமணியைப் பொறுக்கினாள்.

“நின்னா கொண்டு போயிருவியல்லா அண்ணாச்சி!” என்றாள். “இப்பதான் என்னயத் தேட ஆரம்பிச்சிருக்கா. அடுப்படிக்குப் போனாக்கூடத் தேடுதா. இன்னும் ரெண்டு மாசம். ரெண்டே மாசம் போதும்னு நெனச்சேன். போன மாசமும் இதையேதான் நெனச்சேன்.”

அவர் கோபப்படவில்லை. பையிலிருந்து ஒரு சின்னச் சாவியை எடுத்து, நடுவட்டின் அடியிலிருந்த மூடியைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். மேசை பூட்டுகிறவர்களின் சாவிக்கு மட்டுமே அது திறக்கும்.

“ஒவ்வொரு வீடு மாறும்போதும் இத நான் தொடைச்சிரணும். அதான் உத்தரவு. தொடைக்க மாட்டேன். வாசிங்க.”

மூடியின் உட்பக்கம் பென்சிலால் எழுதியிருந்தது. இரண்டு வேறு வேறு கையெழுத்துகள்.

வலது காதுமடலைத் தடவினால் தூங்கிவிடுவாள். முதலில் இருந்தது அது. ஆவுடை அதைத் தானாகக் கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆகியிருந்தது. கண்டுபிடித்த இரவில் உலகத்தில் தனக்கு மட்டுமே தெரிந்த ரகசியம் என்று பூரித்துப்போனாள்.

கீழே நெருக்கமான எழுத்தில் மற்றது: இடிக்குப் பயப்படுவாள், தூக்கிக்கொள்ளுங்கள். மேசையை ஏமாற்றி ஒன்பது நாள் அதிகமாக வைத்திருந்தேன். நீங்கள் யாரோ, என்னை மன்னித்துவிடுங்கள்.

“எல்லா வீட்டுலயும் இந்தக் கூத்து உண்டு,” என்றார் ஞானதிரவியம். “ஒம்பது நாளு, பத்து நாளு. அஞ்சு மாசம் நீங்க ஒருத்திதான். பிள்ளைக்குக் காலு நல்லா இருக்குன்னு ஒங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மேசைக்குத் தெரியாதுல்லா. நாளைக்கு நான் காகிதம் குடுத்தாகணும் தாயி.”

அவர் அந்தக் காலைப் பூட்டவில்லை. அவள் பக்கம் நீட்டினார்.

ஆவுடை அதை வாங்கி முந்தானையால் துடைத்தாள். பிறகு குனிந்து திருகினாள். எப்போதும் இரண்டு சுற்றுக் குறைவாகத்தான் நிறுத்துவாள், கழற்றச் சுலபமாக இருக்கும் என்று. இன்று கடைசிவரை இறுக்கினாள். மற்ற மூன்றையும் இறுக்கி மேசையை நிமிர்த்தினாள். மேசையைச் சுற்றியிருந்த மெத்தைவிரிப்பைச் சரிசெய்தாள். அதற்குள்தான் பாதங்களை அறியும் உணரிகள் இருந்தன.

உள்ளறையில் முனகல் கேட்டது. குழந்தை இளவெயினி தவழ்ந்து வந்து கதவு நிலையருகே உட்கார்ந்தாள். ஒரு கன்னத்தில் பாயின் தடம். மேசையைப் பார்த்ததும் அப்படியே திகைத்துவிட்டாள். ஐந்து மாதமாக அவள் விழித்திருக்கும் நேரத்தில் அந்த மேசைக்குக் கால் இருந்ததே இல்லை. கிட்டே வந்து அதன் அடியில் புகுந்தாள், அண்ணாந்து பார்த்தாள், மறுபக்கமாக வெளியே வந்தாள். மேலே எங்கோ மஞ்சள் பொத்தான் போய்விட்டது.

விளிம்பைப் பற்றினாள். எழுந்தாள், பொத்தென்று உட்கார்ந்தாள். மறுபடி. மறுபடி. நான்காவது தடவை முழங்கால் நடுங்க நிமிர்ந்துவிட்டாள். மஞ்சள் பொத்தானை ஓங்கி அறைந்தாள். குயில் கூவியது. குழந்தைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சந்தோஷம் வந்தால் என்ன செய்ய வேண்டுமென்று ஆவுடைதான் ஆறு மாதமாகச் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

இளவெயினி இரண்டு கையையும் மேசையிலிருந்து எடுத்துத் தட்டினாள்.

பச்சை விளக்கு துடிக்கத் தொடங்கியது. ஒன்று. இரண்டு. ஞானதிரவியம் தலையைக் குனிந்துகொண்டார். ஆவுடை நின்ற இடம் ஓரெட்டுத் தூரம். எட்டித் தூக்கிவிட்டால் எண்ணிக்கை அறுந்துபோகும். அவள் கைகள் அதற்காக முன்னே நீண்டும்விட்டன. நான்கு. குழந்தை இவளைப் பார்த்தது. எப்போதும் கூடவே தட்டுகிற அம்மா ஏன் தட்டவில்லை? சிரிப்பு கொஞ்சம் மங்கியது. ஒருவேளை சரியாகச் செய்யவில்லையோ என்று நினைத்ததுபோல, மெதுவாக, அம்மா முகத்தையே பார்த்தபடி, இன்னொரு முறை தட்டியது. ஏழு.

நீண்டிருந்த கைகளை ஆவுடை ஒன்றுசேர்த்தாள். தட்டினாள். கண்ணீர் வழிய வழிய, “எங்க எயினி நின்னுட்டா! எங்க தங்கம் நின்னுட்டா!” என்று சத்தமாகச் சொல்லித் தட்டினாள். குழந்தையின் முகம் மலர்ந்தது. மேசை மணியடித்தது. ஆடிப்போன குழந்தையை அதன்பிறகுதான் பாய்ந்து பிடித்தாள்.

“காலையில எத்தன மணிக்கு அண்ணாச்சி?”

“ஒம்பது.”

சங்கரலிங்கம் ஐந்து மணிக்கு வருவான். அவனிடம் யார் சொல்வது? ஞானதிரவியம் அந்த மூடியையும் ஒரு பென்சிலையும் மேசைமேல் வைத்துவிட்டு வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார். ஆவுடை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே, மூடியில் மிச்சமிருந்த இடத்தில் எழுதினாள்:

நின்றால் உடனே கைதட்டுங்கள். தட்டாவிட்டால் தன்மேல் தப்பு என்று நினைத்துக்கொள்வாள்.