இரத்தத்தில் சேராத மருந்து

2024 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை, காலை பத்து இருபது. கொண்டல் காற்று ஓய்ந்து, வானம் வெளுத்திருந்தது. மில்லர்புரத்துத் தனியார் மருத்துவமனையின் ஆய்வுப் பிரிவில், தன்னைத் திருடி என்று சொல்லும் கடிதத்தின் எதிரே செவிலி ஜெப்ஸி உட்கார்ந்திருந்தாள். அது வந்த மூன்று நாளாக அவளுக்கு அழுகை வரவில்லை, பசியும் இல்லை.

பித்தநாள நோய்க்கான புதிய மாத்திரையை மணப்பாட்டு நோயாளி ஆக்னஸ் ஐந்து மாதமாக வாங்கிப் போகிறார். குடலிலும் ஈரலிலும் பித்த அமிலத்தை உணரும் ஏற்பிகள் உண்டு. அவற்றை அம்மாத்திரை தூண்டினால் ஈரல் பித்த அமிலம் சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும். முதல் இரண்டு மாதம் அவருக்கு அமிலம் குறைந்தது. பிறகு ஆக்னஸின் இரத்தத்தில் மருந்தின் சுவடே இல்லை. மாத்திரையைக் கையாண்டவள் ஜெப்ஸி ஒருத்திதான். போலியை வைத்து அசலை விற்றுவிட்டாள் என்றார் தலைமை மருத்துவர் ஃபிராங்க்ளின். இன்று நண்பகலில் பணிநீக்கம்.

விசாரிக்க வந்தவர் நாசரேத்துக்காரரான கிருபாநிதி, மருந்து ஆய்வுகளைத் தணிக்கை செய்பவர். உதவிக்கு ஆய்வகத்து ஸ்டெபின். ஆக்னஸும் ஃபிராங்க்ளினும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

"போலிதான் அண்ணாச்சி, அடிச்சுச் சொல்லுதேன்!" என்றான் ஸ்டெபின்.

"அடிச்சது போதும்லே. அம்மா பையில இருந்த குப்பியச் சோதிச்சியா?"

ஸ்டெபினின் குரல் இறங்கியது. "அசல்தான். எண்ணிக்கையும் சரியா இருக்கு."

"அப்பம் வயித்துக்குள்ள போன மருந்து ரத்தத்துக்குப் போகல. மூணாம் மாசம் என்ன புதுசு?"

ஜெப்ஸி ஏட்டைப் புரட்டாமலே சொன்னாள். "அரிப்பு சார். இந்த மாத்திரைக்கு வாரதுதான். அதுக்குப் பவுடர் குடுத்தோம்."

கிருபாநிதி ஆக்னஸிடம் திரும்பினார். "எப்பம் போடுதிய?"

"மூணே முக்காலுக்கு மாத்திரை. நாலு கழிஞ்சதும் பவுடர். மாதா சத்தியமா ஒருநாள் தப்புனதில்ல. சீட்டுல அப்பிடித்தான போட்டுருக்கு?"

அவர் சீட்டை வாங்கி உரக்கப் படித்தார்: "மாத்திரை போட்டு நாலு மணி கழித்துப் பவுடர்."

பிறகு ஃபிராங்க்ளினைப் பார்த்தார். "அந்தப் பவுடர் குடல்ல பித்த அமிலத்தைப் பிடிச்சு வெளியே தள்ளும். இந்த மாத்திரையும் பித்த அமிலத்தோட சாயல்ல செஞ்சது. கால்மணி நேர இடைவெளியில குடிச்சா அதையும் பிடிச்சுக்கிடும். நாலு மணி நேரம் விடணும். நாலு மணின்னா கடிகாரம் காட்டுதது. அம்மா வாசிச்சதுல பிழையில்ல. களவு போனது ஒரு சொல்லுதான் டாக்டர்: நேரம்."

"சீட்டு யார் எழுதினது?" என்றார் ஃபிராங்க்ளின்.

"நான்தான்" என்றாள் ஜெப்ஸி.

"நீயா எழுதுன, ஏளா?" என்றார் ஆக்னஸ். "எழுத்து மட்டும் முத்து முத்தா இருந்துச்சு."

ஸ்டெபின் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டான். மூன்று மாத மருந்து அந்தப் பெண்மணியின் உடம்பில் சேரவேயில்லை என்று ஜெப்ஸி தனக்குள் கணக்கிட்டாள். கணக்கு வந்தது, அதற்குரிய துக்கம் வரவில்லை.

பதினொன்று ஐம்பதுக்கு ஃபிராங்க்ளின் எழுதி முடித்தார். 'களவுக் குற்றச்சாட்டு நீக்கப்படுகிறது. நோயாளிக்குத் தந்த குறிப்பில் நேர்ந்த பிழை, செவிலியின் பெயரில் பதியப்படுகிறது. அவர் பணியில் தொடர்வார்.' கையொப்பமிட்டு நீட்டினார். ஜெப்ஸி இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.