எண்பது கிலோ மூட்டை

சன்னாசியின் கணுக்காலில் கிடந்த அசைவுவளை மூன்று நாளாகச் சிவப்பாக எரிந்தது. நாட்டில் எல்லார் காலிலும் அதை மாட்டியிருந்தார்கள். நன்றாக நடமாடுகிறவனுக்குப் பச்சை, உட்கார்ந்தே கிடப்பவனுக்கு மஞ்சள். உடம்பு தாங்காத அளவுக்கு உழைக்கிறவனுக்குச் சிவப்பு; அது இந்த மாதம்தான் வந்தது. வளைகள் சொல்வதைக் கேட்டு, டெல்லியில் இருக்கும் கொள்கைப்பொறி மாதாமாதம் சட்டத்தைத் திருத்திக்கொண்டே இருந்தது.

"கால்ல கட்டுனவன் நாளைக்குக் கழுத்துல கட்டுவான்" என்று வளை மாட்டிய அன்றே திண்டுக்கல் வெங்காய மண்டியில் சன்னாசி சொல்லிவிட்டான். நாற்பது வருஷமாக மூட்டை தூக்குகிறவன்.

சிவப்பு எரிந்த நான்காம் நாள் அசைவு அலுவலர் பர்வீன் வந்தாள்.

"ஐயா, உங்க முழங்கால் இன்னும் ரெண்டு வருஷம்கூடத் தாங்காது. இனிமே தினமும் தூக்குற மூட்டைங்கள்ல பாதியத்தான் நீங்க தூக்கணும்."

"மிச்சத்த ஒங்க பொறி வந்து தூக்குமா? வயித்துல அடிக்கத்தான் வளையல் மாட்டுனியா தாயி?"

"கூலி முழுசா உண்டு. மிச்சத்த இந்த மண்டியில மஞ்சள் வளை யாருக்கோ அவங்க தூக்கணும். புது விதி."

மஞ்சள் ஒரே காலில்தான் இருந்தது. முதலாளி ஐயாத்துரை சிரித்தார். பர்வீன் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்திக்கொண்டார்.

சன்னாசி நம்பவில்லை. எழுதி வாங்கி, லாரி டிரைவரிடம் கொடுத்து இரண்டு தடவை படிக்கச் சொன்னான். கூலி முழுசு என்றுதான் இரண்டு தடவையும் இருந்தது.

"சும்மாட்ட எப்பிடிடா வைக்கிறது?"

"குனிங்க மொதலாளி. இடுப்பக் குடுக்காதீங்க, தொடையால எந்திரிங்க. ஐயோ, வெங்காயம் போவுது!"

முதல் நாள் நாலு மூட்டை. மறுநாள் இரண்டு. மூன்றாம் நாள் ஒன்றைத் தூக்கி, அதோடு சேர்ந்தே உட்கார்ந்துவிட்டார். ஊர் ஊருக்கு மண்டிக்காரர்கள் பாடு இதேதான். அன்று சாயங்காலமே அவர்கள் சங்கம் கூடி மனுப் போட்டது: எந்த மூட்டையும் நாற்பது கிலோவைத் தாண்டக் கூடாது. ஒரு மணி நேரத்தில் கொள்கைப்பொறி அதைச் சட்டமாக்கியது.

புது மூட்டை வந்திறங்கியது. சன்னாசி அதைத் தராசில் ஏற்றினான். நாற்பதுதான். இன்னொன்றையும் ஏற்றிப் பார்த்தான்.

"முப்பது வருஷமா நாங்களும் இதத்தான மொதலாளி கேட்டோம்?"

ஐயாத்துரை முதுகைப் பிடித்துக்கொண்டு முறைத்தார்.

"கேட்டீங்கடா. எண்பது கிலோ இம்புட்டுக் கனமா இருக்கும்னு ஒருத்தனாவது சொன்னீங்களா?"