பதினொன்றாம் மாடிக் கொய்யா

தாயுமானவன் காலையிலிருந்து நாற்பத்திரண்டாவது தடவையாகப் பால்கனிக்குப் போய்த் தொட்டியிலிருந்த கொய்யாமரத்தை முறைத்தார். மரமும் அவரை முறைத்தது. அதில் தொங்கியவை பெயருக்குத்தான் பழம். நக்கிப் பார்த்த பூனையொன்று மூன்று நாள் வாயை மூட முடியாமல் திரிந்ததாக உறையூர் முழுக்கப் பேச்சு.

விரைமண் வந்தபிறகு, வீட்டுத் தொட்டியில் விதை போட்டால் முப்பதே நாளில் பழம். அதோடு விட்டிருந்தால் உலகம் உருப்பட்டிருக்கும். விதையில் முளைத்த மரம் தாய்மரத்தைப் போலவே ஏன் காய்ப்பதில்லை என்று குடைந்த விஞ்ஞானிகள், முளைத்த வீட்டின் பேச்சதிர்வைக் குடித்துத்தான் அது சுவையை முடிவு செய்கிறது என்று கண்டுபிடித்துத் தொலைத்தார்கள். கத்துகிற வீட்டில் புளிக்கும். அமைதியான வீட்டில் இனிக்கும். அன்றோடு ஜாதகமெல்லாம் பரணுக்குப் போயிற்று. பெண் பார்க்க வருகிறவர்கள் பெண் வீட்டுப் பழத்தைக் கடிப்பார்கள். தங்கள் வீட்டுப் பழத்தையும் தட்டில் நீட்டுவார்கள்.

தாயுமானவன் வீட்டில் அப்பாவும் மகளுமாக இரண்டே பேர். சத்தம் மட்டும் இருபது பேருடையது. மகள் இன்னிசைக்கு வந்த மூன்று வரன்களும் முதல் கடியிலேயே செருப்பைத் தேடின. இன்று மாலை வரப்போகிற எழிலன் அவளே விரும்பிய பையன்.

"இன்னைக்கும் புளிச்சுதுன்னா உங்ககூட ஜென்மத்துக்கும் பேசமாட்டேம்பா!"

"நீ பேசாம இருந்தாலே இனிச்சுத் தொலையுமேடீ!" என்று அவர் கத்தினார். பால்கனியில் பழுக்கத் தொடங்கியிருந்த ஒரு காய் மறுபடி பச்சையானது.

லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் ஒன்பது மாடியும் இறங்கி ஓடி, வாட்ச்மேன் சூசையின் தோளைப் பிடித்தார்.

"யோவ் சூசை, இந்தக் கட்டடத்துலயே தங்கமான வீடு எதுய்யா? அங்கேருந்து நாலு பழம் வேணும். பொண்ணு வாழ்க்கை."

"பதினொன்னாவது மாடி சார். ஒரு சண்டை, ஒரு சத்தம் கெடையாது. இருங்க, பறிச்சுட்டு வாரேன்."

மாலையில் எழிலனும் அவன் அம்மா கனகாம்புஜமும் வந்தார்கள். தட்டுகள் மாறின. எழிலன் கடித்துவிட்டுக் கண்ணை மூடினான். இன்னிசை அவர்கள் தட்டிலிருந்து கடித்துவிட்டுச் சிரித்தாள். அந்த இனிப்புக்கு அடுத்த தெரு எறும்புகள்கூடச் சுவரேறி வந்தன.

கனகாம்புஜம் பையிலிருந்து மரமறியை எடுத்தார். எந்தப் பழம் எந்த மரத்துடையது என்று காட்டிக்கொடுக்கிற குச்சி அது. பெண் வீட்டுப் பழத்தில் குத்தினார். 'வீட்டுத் தொட்டி மரம், கடைப்பழம் அல்ல' என்றது குச்சி.

தாயுமானவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "உங்களுதையும் பாத்துருவோமே!" என்று பிடுங்கி, அவர்கள் பழத்தில் குத்தினார்.

'முன்பு குத்திய அதே மரம்' என்றது குச்சி.

"எங்க வீட்டு மரத்துல எப்பங்க ஏறுனீங்க?" என்று பாய்ந்தார் தாயுமானவன்.

"நாங்களா? நீங்கதான் எங்க பால்கனியில குதிச்சிருக்கீங்க!"

"ஐயோ, விடும்மா," என்றான் எழிலன். "கீழ வாட்ச்மேன்கிட்ட வாங்குனதுதானே?"

எறும்புகள்கூட நின்றுவிட்டன. சூசையைக் கூப்பிட்டார்கள்.

"அந்தப் பதினொன்னாவது மாடியில இருக்கற மகான் யாருய்யா?" என்றார் தாயுமானவன். "கால்ல விழணும்."

"யாரும் இல்ல சார். ரெண்டு வருஷமா பூட்டிக் கெடக்கு. நான்தான் தண்ணி ஊத்துறேன்."

இரண்டு வீட்டு அசல் பழங்களையும் அப்புறம் கடித்துப் பார்த்தார்கள். புளிப்பு அச்சு அசலாகப் பொருந்தியது. கல்யாணம் நடந்தது.

ஆனால் பூட்டிய வீட்டு ரகசியம் ஒரே வாரத்தில் காவிரியைத் தாண்டிவிட்டது. இப்போதெல்லாம் பள்ளியில் இடம் கேட்டாலும் முதலில் பழத்தைக் காட்டச் சொல்கிறார்கள். அதனால் திருச்சியின் மாடிப்படிகள் அத்தனையிலும் குடும்பம் குடும்பமாக ஜனம். படியிலேயே குக்கர் கூவுகிறது, படியிலேயே சண்டை.

பேத்தியைப் பார்க்கத் தாயுமானவன் போனபோது, மகள் ஏழாவது மாடிப் படியில் உட்கார்ந்து எழிலனைத் திட்டிக்கொண்டிருந்தாள். கைப்பிடிக் கம்பியில் தூளி ஆடியது. வீட்டுக் கதவில் பூட்டு.

"கால் கடுக்குதும்மா. கொஞ்சம் உள்ள போய் உக்காரலாமா?"

"ஐயோ, வேணாம்பா!" என்று பதறினாள் இன்னிசை. "இப்பத்தான் இனிக்க ஆரம்பிச்சிருக்கு."