தம்பியின் குரலில்

தம்பி மட்டும் இருந்த அறைக்குள், இருமல் இரண்டு இடங்களிலிருந்து வந்தது. முதலில் கட்டில் பக்கமிருந்து, தலையணையில் அமுங்கிய வறட்டு இருமல். அது அடங்குவதற்குள், கதவுக்கு மிக அருகே, இன்னொன்று.

கூடத்து மேசையில் ஒரு சாவிக்கு அரம் போட்டுக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கீழே கடை பூட்டிக் கிடந்தது. ஜன்னல் வழியாக விழுந்த வெயிலில் பித்தளைத் தூள் மினுங்கியது. தெருவில் யாரோ கார் கழுவிக்கொண்டிருந்த தண்ணீர்ச் சத்தமும், எதிர் வீட்டு வானொலியின் முணுமுணுப்பும் ஏறி இறங்கி வந்துகொண்டிருந்தன. பயப்படுவதற்கு ஏற்ற நேரமே இல்லை அது.

"டேய், எந்திரிச்சிட்டியா?"

"இல்லக்கா, படுத்துதான் இருக்கேன்." கட்டில் பக்கமிருந்துதான்.

காதில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டு மறுபடி அரத்தை எடுத்தாள்.

அந்தத் தெருவுக்கே அவள் சாவிக்கார அக்கா. சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் விழித்துக்கொண்டு நிற்பவர்கள் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் தம்பியை எல்லோரும் குருவி என்பார்கள். உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக்கொண்டு கண்ணாடி துடைப்பவன். அந்தரத்தில் வராத நடுக்கம் அவனுக்குத் தரையில் வரும். அதற்கு மருந்தாகத்தான் குடி வந்தது. குடிக்கும் இடத்தில் யாரோ கல்லைக் காட்டினார்கள். கொகெய்னைக் காய்ச்சிக் கட்டியாக்கிய அந்தக் கல்லைக் கண்ணாடிக் குழாயில் வைத்துப் புகைப்பார்கள். சில நிமிடம் ராஜா, அப்புறம் பிச்சைக்காரன். "ஏறுறதுக்குக் கல்லு, இறங்குறதுக்குச் சரக்கு. லிஃப்ட் மாதிரிக்கா" என்று சிரிப்பான். ஏறி இறங்கியே ஆள் பாதியாகிவிட்டான். ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தபோது அவள்தான் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"ரெண்டும் தனித்தனியாவே ஆபத்து" என்றார் டாக்டரம்மா. "ஒண்ணா எடுத்தா, உடம்பு அந்த ரெண்டையும் சேர்த்து மூணாவதா ஒண்ணை உண்டாக்கிடும். அது சீக்கிரம் போகாது. இதயத்தைத்தான் அடிக்கும். இனி நெஞ்சுல வலின்னு சொன்னா யோசிக்காதீங்க, உடனே கூப்பிடுங்க."

மருத்துவமனையில் உடம்பு நடுக்கமெல்லாம் அடங்கி, நேற்றுத்தான் வீட்டுக்கு வந்தான். இன்று காலையில் அவனே கைப்பேசியை அவளிடம் நீட்டினான். "ஞாயித்துக்கிழமைதான் குடிக்கக் கூப்பிடுவானுங்க. இன்னிக்கு மட்டும் என்னை நம்பாதக்கா. வெளியே பூட்டிடு." அறையில் இருந்த மெத்தை, அலமாரி, செருப்பின் அடிப்பாகம் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் பூட்டினாள். அவள் போட்ட பூட்டை உள்ளிருந்து யாராலும் திறக்க முடியாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

அரத்தின் கரகரப்புக்கு நடுவே வாசனை வந்தது. முதலில் புளித்த சாராய நெடி, அதன் மேலேயே பிளாஸ்டிக்கை யாரோ சர்க்கரையோடு சேர்த்துக் கருக்கியதுபோல ஒரு தித்திப்பு. தொண்டையில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுக்கும் தித்திப்பு. அந்த மணத்தை அவள் அவன் சட்டைகளில் எத்தனையோ முறை துவைத்திருக்கிறாள். இப்போது அது கதவின் அடியிலிருந்து ஊர்ந்து வந்துகொண்டிருந்தது.

அவளுக்கு முதலில் வந்தது கோபம்தான். எழுந்துபோய்க் கதவை ஓங்கி அறைந்தாள்.

"யார்டா குடுத்தான்? ஜன்னல் வழியா வாங்கினியா? மானங்கெட்டவனே, நேத்துதானே என் தலையில கை வெச்சு..."

"நான் இல்லக்கா." கட்டிலிலிருந்து அழுகை. "எனக்கும் வாசனை வருது. வாயையும் மூக்கையும் பொத்திக்கிட்டு இருக்கேன்கா. சத்தியமா நான் இல்ல."

"அப்புறம் யாரு?"

பதில் கட்டிலிலிருந்து வரவில்லை. கதவின் மறுபக்கத்திலிருந்து, அவள் காதுக்கு நேராக வந்தது. மெதுவாக. சிரித்துக்கொண்டே.

"நான்தான்கா."

குருவியின் குரல்தான். ஆனால் பல வருடத்துக்கு முந்தைய குரல். இருமல் இல்லை, நடுக்கம் இல்லை. முதல் சம்பளத்தில் அவளுக்குச் செருப்பு வாங்கிக்கொண்டு படியேறி வந்தவனின் குரல். "என்னக்கா, இப்படிக் கோவிச்சுக்கிற? கல்லெல்லாம் வேணாம். அதைத் தொட்டா என் கையை வெட்டு. ஒரே ஒரு வாய் சரக்கு. அவ்வளவுதான். அது பாவம், தண்ணி மாதிரி. கீழ கடைக்குப் பின்னால..."

"அக்கா, அது நான் இல்ல!"

இரண்டு குரல்களும் ஒரே சமயத்தில் ஒலித்தன. ஒன்றின் மேல் ஒன்று. ஒன்று அழுதது. ஒன்று கொஞ்சியது.

தெருவில் தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வானொலியில் யாரோ சிரித்தார்கள். அந்தப் பக்கம் உலகம் அது பாட்டுக்கு நடந்துகொண்டிருக்க, அவள் மட்டும் ஒரு மரக் கதவுக்கு முன்னால், கையில் அரத்தோடு நின்றாள்.

"ஒரு வாய்க்கா" என்றது கதவோரக் குரல். "ஒரு வாய் இறங்கினா போதும், மத்தது தானா வரும். நான் பார்த்துக்கறேன். இவனால முடியாது. இவன் சோப்ளாங்கி. நான்தான் இவனை இத்தனை நாள் அந்தரத்துல பிடிச்சுக்கிட்டு இருந்தேன்."

"என் தம்பி குரல்ல பேசாதே."

"வேற யார் குரல்ல பேசட்டும்?"

கேட்டுவிட்டு அது சிரித்தது. கதவை விரல் நகத்தால் சுரண்டியது. கீழிருந்து மேலே. நிதானமாக. பூட்டுத் துவாரம் எங்கே என்று தேடுவதுபோல.

"அக்கா." கட்டிலிலிருந்து வந்த குரல் தேய்ந்திருந்தது. "நெஞ்சு அடைக்குதுக்கா. கை மரத்துப் போச்சு. திறக்காதே. என்ன ஆனாலும் திறக்காதேக்கா. அது வெளியே வந்துடும்."

அவள் யோசிக்கவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு விலாசம் சொன்னாள். சொல்லும்போது குரல் பிசிறவில்லை, அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. பேசி முடித்துவிட்டுக் கதவைப் பார்த்தாள். வருகிறவர்கள் வரட்டும். அதுவரை அவனை அதனோடு ஒரே அறையில் விட்டுவைக்க முடியுமா?

பெருஞ்சுத்தியலை எடுத்துக்கொண்டாள். சாவியைத் துவாரத்தில் நுழைத்தாள்.

"கேட்டுக்கோ" என்றாள் கதவிடம். "இவனை இடுப்புல சுமந்து வளர்த்தவ நான். பசின்னா எப்படி அழுவான், பொய்யின்னா எப்படி அழுவான்னு எனக்குத் தெரியும். நீ நேத்து வந்த சனியன். வழியை விடு."

மறுபக்கம் சுரண்டல் நின்றது.

திறந்தாள்.

வெயில். நிறைய வெயில். திரைச்சீலை அசையவில்லை. கட்டிலில் சுவர் பக்கமாகச் சுருண்டு, இரண்டு கைகளாலும் வாயைப் பொத்தியபடி குருவி. முகம் சாம்பல் நிறம். வேறு யாரும் இல்லை. குழாய் இல்லை, புட்டி இல்லை, தீப்பெட்டிகூட இல்லை.

ஆனால் கதவு முழுதாகத் திறக்கவில்லை. சுவரில் போய் இடிக்க வேண்டிய கதவு, இடிக்காமல் நின்றது. கதவுக்கும் சுவருக்கும் நடுவே ஏதோ இருந்தது. மெத்தென்று. மூச்சு விட்டுக்கொண்டு.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கால் நின்றுவிடும் என்று தெரிந்தது. சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு, தம்பியின் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினாள். கனமே இல்லை. அதுதான் அவளை அழவைத்தது. அழுதுகொண்டே இழுத்தாள். கதவுக்குப் பின்னால் அந்தத் தித்திப்பு நெடி, சூடாக, அவள் பின்கழுத்தில் பட்டது. நிலைப்படி. ஒரு கால். இன்னொரு கால். அவனைக் கூடத்தில் சாய்த்தாள். கதவை இழுத்தாள்.

வரவில்லை.

உள்ளிருந்து பிடித்துக்கொண்டிருந்தது.

"விடு."

விடவில்லை.

"விடு, நாயே!" காலைச் சுவரில் முட்டுக்கொடுத்து, உடம்பின் மொத்த எடையோடு பின்னால் விழுந்தாள். கதவு அறைந்து மூடியது. சாவி திரும்பியது. க்ளிக். அவள் வாழ்நாளில் கேட்ட சத்தங்களிலேயே இனிய சத்தம். சாவியை உருவிக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

படியில் காலடிகள் கேட்டன. நரைத்த தாடியுள்ள ஆம்புலன்ஸ்காரரும், மடக்குப் படுக்கையோடு இன்னொருவரும் மேலே வந்தார்கள். கைகளில் நல்ல மருந்து வாசனை. குருவியின் சட்டையைத் திறந்து ஒயர்களை ஒட்டினார்கள், முகமூடி வழியாக மூச்சுக் கொடுத்தார்கள். "சரியான நேரத்துல கூப்பிட்டீங்கம்மா" என்றார் தாடிக்காரர். "இப்பவே கிளம்பினா ஆள் தப்பிச்சுடுவார்."

அக்கா கதவில் சாய்ந்தபடி தம்பியைப் பார்த்துச் சிரித்தாள். அவனும் முகமூடிக்குள் சிரிக்க முயன்றான். ஜெயித்தாயிற்று. யாரென்று நினைத்தாய் எங்களை.

படுக்கையைத் தூக்கினார்கள். படிக்கட்டுப் பக்கம் திருப்பினார்கள்.

"டேய், குருவி."

தாடிக்காரர் நின்றார். படுக்கையைக் கீழே இறக்கினார்கள். குரல் அறைக்குள்ளிருந்து வந்தது. பெண் குரல். சாவிக்காரியின் குரல்.

"டேய், என்னை உள்ள வெச்சுப் பூட்டிட்டு எங்கடா போற?"

"உள்ள இன்னொருத்தங்க இருக்காங்களா?" என்றார் தாடிக்காரர்.

"இல்ல" என்றாள் அவள். சொல்லிப் பார்த்தபோது அவள் குரல் கம்மியிருந்தது. அழுததாலா, கத்தியதாலா? அவளுடையது போலவே இல்லை. உள்ளிருந்து வந்ததுதான் தெளிவாக, அவளாக இருந்தது.

"உன்னை இடுப்புல சுமந்து வளர்த்தவடா நான்" என்றது உள்ளே. "நெஞ்சு அடைக்குதுடா. கதவைத் திறக்கச் சொல்லு."

குருவி தலையைத் தூக்கினான். கதவைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். மேலிருந்து கீழ்வரை. முகமூடியைக் கழற்றினான்.

"யாரு நீ?"

"டேய், நான்டா. அக்காடா."

"என் அக்கா உள்ள இருக்கா." ஒரு காலைத் தரையில் வைத்தான். நெஞ்சிலிருந்து ஒயர்கள் ஒவ்வொன்றாகப் பிய்ந்தன. "சாவியைக் குடு."

"குருவி, படு. படுடா!"

"அம்மா, அந்தச் சாவியைக் குடுங்க" என்றார் தாடிக்காரரும். கையை நீட்டியபடி ஓர் அடி எடுத்து வைத்தார்.

அவள் விரல்களை இறுக்கினாள். சாவியின் பற்கள் உள்ளங்கையில் இறங்கின. ரத்தம். சூடு. தர மாட்டேன். கொன்றாலும் தர மாட்டேன். கதவோடு முதுகை ஒட்டி, பாதங்களைத் தரையில் ஊன்றினாள்.

கதவின் மறுபக்கத்தில், அவள் முதுகுக்கு நேராக, அதே உயரத்தில், அதே நடுக்கத்தோடு, இன்னொரு முதுகு சாய்ந்துகொண்டது.