வைனாலோவின் பெயரில்லாப் புள்ளி

இவலானி அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. ஹமாகுவா கரைக்கு அது புதிதில்லை. அங்கே மழை விட்டால்தான் ஜனங்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். கரும்புக் கம்பெனி நடந்த காலத்தில் டாக்டர் குடியிருந்த மரவீடு. வைனாலோ விரிகுடாவுக்கு மேலே, மலைமுனையில் தனியாக நின்றது. கடலடியை அளக்கும் ஒரு சிறு குழு இப்போது அதை வாடகைக்கு எடுத்திருந்தது.

வாசலில் படகோட்டி ஆர்னெல் நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும். இதே கரையில் பிறந்து வளர்ந்தவர்.

“வா இவா. ஷூவ அங்கயே கழட்டிரு. சோறும் ஸ்பாம் டின் கறியும் உருட்டி வெச்சிருக்கேன், ஆறிப்போகும்.”

“டேரன் ஏன் அங்கிள் வேலைய பாதியில போட்டுட்டுப் போனான்?”

“சேத்து நாத்தம் தாங்கலன்னான். நானும் வீடெல்லாம் மோந்து பாத்தேன், ஒண்ணும் தெரியல. செருப்பக்கூட விட்டுட்டு ஓடிட்டான். போட்டுப் பாத்தேன், எனக்குப் பத்தல.”

இவலானி சிரித்தாள். டேரன் விட்டுப்போன வேலையை முடிக்கத்தான் ஹொனலுலுவிலிருந்து அவளை அனுப்பியிருந்தார்கள். விரிகுடாவின் அடித்தளத்தை அளந்து படமாக்கியாயிற்று. மீன்பிடிக் குடும்பங்கள் அந்தத் தண்ணீரில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பெயர் வைத்திருந்தன. அந்தப் பெயர்களைப் படத்தில் ஏற்ற வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அவள் பயன்படுத்திய கருவியில் சுட்டி கிடையாது, இழுத்து வைப்பது கிடையாது. கருந்திரையில் கட்டளைகளைத் தட்டச்ச வேண்டும். ஒரு கோப்பில் வரிக்கு ஒரு பெயர்: தீர்க்கரேகை, அட்சரேகை, எழுத்தின் சாய்வு, கடைசியில் பெயர். கட்டளையை ஓட்டினால் படம் வரும். எழுதிய பெயர் எழுதிய இடத்தில் போய் உட்காரும். எழுதாத பெயர் வராது. அந்தக் கறார்தான் அவளுக்குப் பிடிக்கும்.

மறுநாள் காலை முதல் படத்தை ஓட்டினாள்.

பாறைத் திட்டுகளின் பெயர்கள் கரையின் வளைவுக்குத் தக்கபடி சாய்ந்து அழகாக விழுந்திருந்தன. விரிகுடாவின் நடுவில், ஆழத்தில், சின்ன எழுத்துகளில் இன்னும் சில பெயர்கள் இருந்தன.

மசுவே. தொமாஸ். கிக்கு. கியாவே.

அவற்றை அவள் எழுதவில்லை.

கோப்பைத் திறந்து பார்த்தாள். இல்லை. டேரன் எங்காவது ஒளித்து வைத்திருப்பான் என்று நினைத்து, கோப்பிலிருந்த எல்லாப் பெயர்களையும் எடுத்துவிட்டு, வெறும் படத்தை ஓட்டினாள். பாறைகளின் பெயர்கள் மறைந்தன. ஆழத்தில் இருந்தவை இருந்தபடியே இருந்தன. அவற்றுக்குச் சற்றுத் தள்ளி, ஒரு சின்னக் கரும்புள்ளி. அதற்குப் பக்கத்தில் பெயர் ஏதும் இல்லை.

அப்போதுதான் அந்த வாடை அவளுக்கும் வந்தது. குளத்தை வற்றவிட்டால் அடியிலிருந்து கிளம்புமே, அந்தக் கருஞ்சேற்று வாடை.

அவள் ஆர்னெலைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். அப்புறம் நிமிரவே இல்லை.

“இந்தப் பேரெல்லாம் உனக்கு யார் சொன்னா?”

“யாரும் சொல்லல அங்கிள். தானா வருது.”

“கீழ கரையில ஒரு கல்லு இருக்கு. நாப்பத்தாறுல பெரிய அலை வந்துச்சுல்ல, அப்ப கரும்புக் கம்பெனி ஆளுங்க இருந்த வைனாலோ லைன் வீடுங்க மொத்தமும் போச்சு. போனவங்க பேர அதுல வெட்டியிருக்கு. இதெல்லாம் அவங்க.” குரலைத் தாழ்த்தினார். “மசுவே தோஃபு வித்தவங்க. எங்க அப்பாவ மடியில வெச்சுக் கொஞ்சுவாங்களாம்.”

“இந்தப் புள்ளி?”

ஆர்னெல் கண்ணாடியைக் கழற்றினார்.

“கல்லுல கடைசி வரி வெறுமனே கெடக்கும். அலைக்கு மொத நாள்தான் எங்கிருந்தோ வேலைக்கு வந்து எறங்கினானாம் ஒருத்தன். பேரக் கேக்கறதுக்குள்ள விடிஞ்சிருச்சு. அலையும் வந்துருச்சு. மத்தவங்களுக்கெல்லாம் பேரு சொல்லிச் சடங்கு பண்ணினாங்க. இவன என்ன பேரு சொல்லிக் கூப்பிட்டு அழறது?”



“அத அணைச்சு வை,” என்றார் ஆர்னெல். “நான் போயி விரிகுடாவுல போட்டிருக்கற அலையளக்குற பெட்டியத் தூக்கிட்டு வந்துர்றேன். சாயங்காலமே ஹிலோவுக்குக் கெளம்பிரலாம். ஹொனலுலுக்காரங்க கேட்டா எனக்கு வயித்து வலின்னு சொல்லிக்கலாம்.”

அவர் படகை எடுத்துக்கொண்டு போனார். இவலானி ஜன்னலோரம் நின்று பார்த்தாள். விரிகுடாவின் நடுவரைக்கும் படகு தெரிந்தது. பிறகு மழை திரைபோல இறங்கி அதை மூடிக்கொண்டது.

“நடுவுல நிக்கறேன். இஞ்சின் சத்தம் ஒரு மாதிரியா வருது,” என்று ரேடியோவில் அவர் குரல் வந்தது. இருக்கும் இடத்தின் எண்களைச் சொன்னார். அவள் கையில் எழுதிக்கொண்டாள்.

அதன் பிறகு சத்தம் இல்லை.

கூப்பிட்டாள். காத்திருந்தாள். மறுபடி கூப்பிட்டாள். ரேடியோ இரைந்துகொண்டே இருந்தது. மதியம் திரும்பியும் படகு வராததால் மீட்புப் படைக்குப் போன் செய்தாள். பேசிய பெண் நிதானமாகக் கேட்டாள்: “அவரு கடைசியா இருந்த எடத்த ஒரு படத்துல குறிச்சு அனுப்ப முடியுமா? கடலடி ஆழமும் தெரியணும்.”

அதுதானே இவலானியின் தொழில்.

மூடி வைத்த கணினியைத் திறந்தாள். கையிலிருந்த எண்களை வரியில் ஏற்றினாள். கடைசியில் ஆர்னெல் என்று எழுதினாள். இரண்டு முறை தப்பாக அடித்துத் திருத்தினாள். கட்டளையை ஓட்டினாள்.

படம் வந்தது. ஆழத்துப் பெயர்கள் அப்படியே இருந்தன. ஆர்னெல் என்ற பெயர் தெளிவாக, தடித்த எழுத்தில் விழுந்திருந்தது. அவசரத்தில் அதை அனுப்பிவிட்டாள். அனுப்பிய பிறகுதான் கவனித்தாள்.

கரும்புள்ளியைக் காணோம்.

அது இருந்த இடத்தின் மேல்தான் அந்தப் பெயர் உட்கார்ந்திருந்தது.

மழை சட்டென்று நின்றது. கூரையிலிருந்து சொட்டும் சத்தம் மட்டும் மிச்சம். பகல்தான்; ஆனாலும் அறைக்குள் அந்தி போல இருட்டிக்கொண்டு வந்தது. சேற்று வாடை தொண்டைவரை ஏறியது.

மலைப்பாதையில் யாரோ ஏறி வரும் ஓசை. ஈரக் கால்கள். நிதானமாக, ஒவ்வொரு அடியாக.

வாசல் படிகள் கிறீச்சிட்டன.

கொசுவலைக் கதவுக்கு அப்பால் ஓர் ஆள் நின்றிருந்தான். கடலைப் பார்த்து, முதுகைக் காட்டியபடி. ஆர்னெலின் உயரம். ஆர்னெலின் தோள்.

“அங்கிள்?”

ஆள் அசையவில்லை.

வந்துவிட்டார். குளிரில் விறைத்துப் போயிருப்பார். துண்டை எடுத்துக்கொண்டு ஓடித் தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

“ஆர்னெல் அங்கிள்?”

இப்போது தலை லேசாகத் திரும்பியது.

“ஆர்னெல்,” என்றது அது. கொஞ்சம் விட்டு, மறுபடி, “ஆர்னெல்.” புதுச் சட்டையைப் போட்டுப் பார்ப்பவன் தோளைக் குலுக்கிக்கொள்வது போல அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தது.

அவளுக்குப் பின்னால் ரேடியோ கரகரத்தது.

“இவா, இவா, கேக்குதா? இஞ்சின் நின்னுபோச்சும்மா. முனைக்கு அந்தப் பக்கம் அடிச்சுக்கிட்டுப் போயிட்டேன், மலை மறைச்சதுல ரேடியோ எடுக்கல. மீன்காரப் பசங்க கயிறு கட்டி இழுத்துட்டு வர்றாங்க. ரெண்டு பேரும் என்னைய ஓட்டித் தள்ளறானுங்க. நீ பயந்துக்காத.”

அவள் கை தாழ்ப்பாளிலேயே இருந்தது.

வலைக்கு அப்பால் இருந்தது இன்னும் திரும்பவில்லை. மெல்லக் கேட்டது:

“பேரு குடுத்துட்ட. இன்னும் ஏன் கதவச் சாத்தி வெச்சிருக்க?”

இவலானி பின்னுக்கு நகர்ந்தாள். கதவிலிருந்து கண்ணை எடுக்காமல் மேசைவரை வந்தாள். அப்புறம் திரைக்குத் திரும்பி, கோப்பில் அந்த ஒரு வரியை அழித்தாள். கட்டளையை ஓட்டினாள்.

வாசலில் ஒரு பெருமூச்சு. வெகுநேரம் மூச்சடக்கியிருந்தவன் விடுவது போல நீளமாக.

திரும்பிப் பார்த்தபோது யாரும் இல்லை. மரத்தரையில் கறுப்பாகச் சேறு. படிகளில் ஏறி வந்த தடம் இருந்தது. இறங்கிப் போன தடம் இல்லை.

திரையில் விரிகுடா சுத்தமாக இருந்தது. மசுவே இல்லை, தொமாஸ் இல்லை, யாருமே இல்லை.

சாயங்காலம் ஆர்னெல் வந்து சேர்ந்ததும் அவள் அவரை வாசலில் நிறுத்தி, அவர் அப்பா பெயரையும் அம்மா பெயரையும் சொல்லச் சொன்னாள். அவர் சிரிக்காமல் சொன்னார். அவள் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, சேற்றின் மேல் உப்பைத் தூவினார். இருவரும் விளக்கைக்கூட அணைக்காமல் காரில் ஏறினார்கள். அந்தப் படத்தை ஹொனலுலுவில் வேறொருவர் முடித்தார். குறை ஏதும் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள்.

சில மாதங்கள் கழித்து இவலானி வேறொரு படம் போட்டாள். ஓவாஹு தீவின் தென்கரை. அவள் குடியிருக்கும் கைமுகி மேடும் அதில் வரும். நிலத்தின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் உயரக்கோடுகளை மட்டும் வரைந்து பார்த்தாள். பெயர்க் கோப்பை அவள் இன்னும் உருவாக்கவே இல்லை.

உயரக்கோடுகளின் மேல் பெயர் வைக்கும்போது, எழுத்து கலங்காமல் தெரிவதற்காக அந்தக் கருவி அடியிலுள்ள கோடுகளைக் கொஞ்சம் வெட்டி இடம் விடும். பெயர் இருந்தால்தான் விடும்.

அவள் தெருவின் மேல், அவள் வீடு இருக்கும் இடத்தில், எல்லாக் கோடுகளும் வெட்டுப்பட்டு நின்றன. நடுவே வெள்ளையாக, ஒரு பெயர் உட்காரும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது.